சாப்பாட்டு நேரத்துக்கு ஓர் ஆள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் சந்தவாசல் பக்கத்தில் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. இந்த மலை ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அது குறையாகிப் போயிற்று. "ரேணுகாதேவி சிஸ்டர்கிட்ட எதையும் மெதுவா பேச முடியாது" என்று நிர்வாகி விஜயராஜ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மெதுவாகப் பேசித்தான் பார்த்தோமே! நர்ஸ் சங்கம் ஆரம்பித்து, என்னைச் செயலாளராக உட்கார வைத்து, நாங்கள் முதன்முதலாக வைத்த கோரிக்கை மெதுவான கோரிக்கைதான். சம்பளத்தைக் கூட்டு என்று கேட்கவில்லை. நாங்கள் சாப்பிடப் போகிற அரை மணி நேரத்துக்கு வார்டில் நிற்க இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று கேட்டோம். ரிலீவர் என்று சொல்வார்களே, அந்த ஆள். அவ்வளவுதான் கேட்டது.

ஒரு வார்டுக்கு ஒரு ஷிப்டுக்கு ஒரே நர்ஸ் என்பது இங்கே எழுதாத சட்டம். அந்த ஒருத்தி சாப்பிடப் போனால் வார்டில் யாரும் இல்லை. அதனால் அவள் போக மாட்டாள். மருந்து டிராலி பக்கத்தில் நின்றபடியே டப்பாவைத் திறந்து இரண்டு வாய் போட்டுக்கொள்வாள். அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். மூடி வைத்துவிட்டு ஓடுவாள். சாயங்காலம் ஷிப்டு முடிந்து டப்பாவைத் திறந்தால் சோறு புளித்திருக்கும். எங்களில் வயிற்றுப் புண் இல்லாதவள் ஒருத்தியைக் காட்டுங்கள், நான் இந்த வேலையையே விட்டுவிடுகிறேன்.

"சோறு கண்ட இடம் சொர்க்கம்னு இருக்கீங்களா சிஸ்டர்?" என்று விஜயராஜ் முதல் பேச்சுவார்த்தையில் சிரித்தார்.

"சொர்க்கத்துக்கெல்லாம் வேணாம் சார். பக்கத்து ரூம்பு வரைக்கும் போய்ட்டு வந்தா போதும்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு நாம் எல்லாம் ஒரு குடும்பம் என்றார். மலைமேல் நர்ஸ் கிடைப்பது கஷ்டம் என்றார். கடைசியில், "வார்டுல எப்பவும் சொந்தக்காரங்க இருக்காங்களே சிஸ்டர், ஒரு பத்து நிமிஷம் அவங்க பாத்துக்க மாட்டாங்களா?" என்றார்.

அங்கேதான் விஷயம் இருந்தது. மலை ஜனங்கள் ஆஸ்பத்திரிக்குத் தனியாக வர மாட்டார்கள். பிரசவம் என்றால் மாமியார், நாத்தனார், பெரியம்மா என்று பாத்திர மூட்டையோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். நாங்களும் அந்தக் கூட்டத்தில் விவரமான முகமாக ஒன்றைப் பார்த்து, "யம்மா, கொஞ்சம் பாத்துக்கோ, ரெண்டு வாய் துன்னுட்டு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு நகர்வோம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. நர்ஸ் நாற்காலியில் எவளோ ஒரு மாமியார் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டேதான் விஜயராஜ் மதிய நேரத்தில் வராந்தாவில் நடந்து போவார். ஆஸ்பத்திரி ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வண்டிக்கு எவன் அச்சாணி பார்ப்பான்?

புளி உலுக்குகிற மாசத்தில் அந்த வண்டி நின்றது.

அந்த மாசத்தில் எங்களுக்கு வேலை இரட்டிப்பு. தினம் ஒருவராவது புளியமரத்திலிருந்து விழுந்து வருவார்கள். அன்றைக்கும் ஒரு ஆள் இடுப்பொடிந்து வந்திருந்தான். டாக்டரம்மா அவனோடு கீழ்க்கட்டிடத்தில் இருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். பிரசவ வார்டில் நதியா ஒண்டி.

நதியா எங்களில் சின்னவள். இதே மலையில் ஒரு குக்கிராமத்துப் பெண். அவள் ஊரிலிருந்து நர்ஸ் படிப்புக்குப் போன முதல் ஆள் அவள்தான். அவள் வெள்ளைச் சீருடையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரே பார்க்கும் என்பாள். அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அதிர்ந்து பேசத் தெரியாது. "நீ எல்லாம் எப்பிடிடி சங்கத்துல சேந்த?" என்று நான் கிண்டல் செய்வேன்.

அன்று காலை அமுதவல்லி என்ற பெண்ணுக்குத் தலைப்பிரசவம். ஆண் குழந்தை. நதியாதான் பிரசவம் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்திக்கு வலி ஆரம்பித்து, அது இன்னும் நேரமெடுக்கும் என்று தெரிந்தது. நதியா காலையிலும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. அமுதவல்லியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கருப்பை இறுகியிருந்தது. துணியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. அமுதவல்லியின் மாமியார் முத்தம்மா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். "அத்தே, கொஞ்சம் பாத்துக்க. துணி நனஞ்சா ஒரு கொரல் குடு" என்று சொல்லிவிட்டு நதியா டூட்டி ரூமுக்குப் போனாள்.

பிரசவமான பெண்ணுக்குக் கருப்பை தளர்ந்துபோனால் குழாய் திறந்த மாதிரி ரத்தம் போகும். அது எந்த நேரத்திலும் வரும். அதற்காகத்தான் முதல் இரண்டு மணி நேரம் நர்ஸ் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது.

முத்தம்மா துணி நனைவதைப் பார்த்தாள். உடனே டூட்டி ரூம் வாசலுக்கு வந்தாள். உள்ளே நதியா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முத்தம்மா கூப்பிடவில்லை. வாசலிலேயே நின்றாள்.

உங்களுக்கு இது புரியுமோ புரியாதோ, எனக்குப் புரிந்தது. சோற்றில் உட்கார்ந்தவர்களை எழுப்பக் கூடாது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். சாவுச் செய்தி கொண்டு வருகிறவன்கூட, வீட்டுக்காரன் இலையில் உட்கார்ந்திருந்தால் கை கழுவுகிற வரை வெளியே நிற்பான். நாங்கள் படிக்க வெளியே போய் நாலு இடம் பார்த்து, அவசரத்துக்கு அதை மீறப் பழகிவிட்டோம். முத்தம்மா பழகவில்லை. அவளுக்கு அது பாவம். அதனால் முந்தானையைக் கையில் திருகிக்கொண்டு, அந்தப் பெண் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றாள்.

நதியா டப்பாவை மூடி, கை கழுவித் திரும்பினாள். முத்தம்மா நிற்பதைப் பார்த்தாள்.

"துன்னுட்டியா கண்ணு?" என்றாளாம் முத்தம்மா. "துணி நனஞ்சிக்கினே கீது."

நதியா ஓடினாள். கட்டிலுக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஊசி போட்டாள், வயிற்றைப் பிடித்து அழுத்தினாள், கத்தினாள். நாங்கள் ஓடி வந்தோம். டாக்டரம்மா செய்யாதது ஒன்றுமில்லை. ஆனால் மேலே எங்களிடம் ரத்தம் கிடையாது. ஆம்புலன்ஸில் ஏற்றிக் கீழே இறக்கினோம். நதியா அவள் வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்காமலே உட்கார்ந்து போனாள். போளூர் வருவதற்கு முன்பே அமுதவல்லி போய்விட்டாள். பிள்ளை மட்டும் மேலே எங்கள் வார்டில் பசிக்குக் கத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டே நான் அழுதேன். வாய் நீளமானவர்கள் அழ மாட்டார்கள் என்று யார் சொன்னது?

மறுநாளே நதியாவை சஸ்பெண்ட் செய்தார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பணியில் கவனக்குறைவு, நோயாளியை விட்டு அகன்றது என்று காரணம். விசாரணை வைத்து, நிரூபணமானால் வேலை நீக்கம். அந்தக் காரணத்தோடு நீக்கினால் வேலூரிலிருந்து திருவண்ணாமலை வரைக்கும் எந்த ஆஸ்பத்திரியும் அவளை வாசலில் சேர்க்காது. படித்த படிப்பு அன்றோடு முடிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு, விஜயராஜ் அறைக் கண்ணாடி உடையாமல் இருந்ததே பெரிது.

விசாரணை அன்று காலை நதியாவின் அறைக்குப் போனேன். தலை வாரி, நல்ல சுடிதார் போட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது.

"இதோ பாரு, கேட்டா ரெண்டு வாய்தான் துன்னேன்னு சொல்லு. உடனே எழுந்து வந்துட்டேன்னு சொல்லு. மத்தத நான் பேசிக்கிறேன்" என்றேன்.

அவள் துப்பட்டாவின் நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி, காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சிக்கா."

"அந்த முத்தம்மாவ இட்டுனு வராங்களாம். உம்மேல புகார் சொல்ல வைக்கத்தான் ஜீப்பு அனுப்பிக்கீறாங்க. நீ அழுது கிழுது வைக்காத."

விசாரணை நிர்வாக அலுவலகத்தின் பின்னறையில் நடந்தது. ஆஸ்பத்திரியை நடத்துகிற அறக்கட்டளையின் தலைவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுவார். அவர் பக்கத்தில் விஜயராஜ், டாக்டரம்மா. எதிரே நதியா, சங்கத்தின் சார்பில் நான். ஓரத்து நாற்காலியில் முத்தம்மா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் தசரதன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வராந்தாவில் நடந்துகொண்டிருந்தான். பிள்ளை அழுகிற சத்தம் அவ்வப்போது உள்ளே கேட்டது.

தலைவர் நதியாவிடம் கேட்டார். "சாப்பிடப் போனேன்னு எழுதியிருக்கே. எவ்வளவு சாப்பிட்டேம்மா?"

நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன்.

"முழுசா சாப்ட்டேன் சார்" என்றாள் நதியா.

"என்ன?"

"டப்பா காலியாவுற வரைக்கும் சாப்ட்டேன் சார். வேலைக்கி சேந்ததுலேர்ந்து அன்னிக்கிதான் குந்தி முழுசா சாப்ட்டேன். பசி. யாரும் கூப்பிடல. கூப்பிடலன்னா ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினேன்."

அட பாவி மகளே! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத் தலையில் குட்டியிருப்பேன். விஜயராஜ் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார்.

பிறகு முத்தம்மாவிடம் திரும்பினார்கள்.

"நீங்க நர்ஸக் கூப்ட்டீங்களா?"

"இல்லீங்க."

"ரத்தம் போறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிச்சிங்க. துணி நனஞ்சிக்கினே இருந்திச்சி. வாசலாண்ட போய் நின்னேங்க."

"அப்புறம் ஏன் கூப்பிடலை?"

முத்தம்மா இது என்ன கேள்வி என்பதுபோல அவரைப் பார்த்தாள். "சோறு துன்னுக்கினு இருந்திச்சிங்களே" என்றாள். "மொகம் வாடிக் கெடந்துது. புள்ள பெத்தவ மாதிரி அதுவும் காலைலேர்ந்து நின்னுக்கினே இருந்திச்சி. வாயில வைக்கிற சோத்த எப்பிடிங்க தட்டி வுடறது? இதோ முடிச்சிடும், இதோ முடிச்சிடும்னு நின்னேன்." முந்தானையைக் கையில் திருகினாள். "எம்மருமவ அவ்ளோ சுருக்கா பூடுவான்னு எனக்குத் தெரியலீங்க. நான்தான் கொன்னுட்டேன்."

 வெளியே பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்தது.

முதலில் வாய் திறந்தது விஜயராஜ். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். "பாவம் சார், நதியா சின்னப் பொண்ணு. எதுக்கு அவ வாழ்க்கை கெடணும்? இந்தம்மா சொன்னத அப்படியே எழுதிக்கலாம். நோயாளியின் உறவினர் உரிய நேரத்தில் தகவல் தெரிவிக்கவில்லை. அவ்வளவுதான். நர்ஸ் மேல தப்பில்லை, ஆஸ்பத்திரி மேலயும் தப்பில்லை. நாளைக்கே டூட்டிக்கு வரட்டும்." என் பக்கம் திரும்பி, "என்ன சிஸ்டர், சங்கத்துக்கு இதுல ஆட்சேபணை இருக்காதே?" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன், என் மனசு ஒரு குதி குதித்தது. நதியா தப்பித்தாள்! அந்த நிமிஷத்தில் நான் பார்த்தது அதை மட்டும்தான். நதியாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், ஒத்துக்கொள் என்று.

விஜயராஜ் இரண்டு வரி எழுதி, மைப் பெட்டியோடு முத்தம்மாவிடம் நகர்த்தினார். அவள் தயங்கவே இல்லை. எழுந்து வந்து, கட்டை விரலை மையில் அழுத்தி, "எங்க வைக்கணுங்க?" என்று கேட்டாள். அது தன் மேல் எழுதப்படுகிற பழி என்று அவளுக்குத் தெரியும். நியாயம் என்று நினைத்துத்தான் விரலை நீட்டினாள்.

நதியா எழுந்தாள். முத்தம்மாவின் கையைப் பிடித்து, தன் துப்பட்டாவின் நுனியால் அந்த விரலைத் துடைத்தாள். மை சுலபத்தில் போகவில்லை. அழுத்தித் துடைத்தாள்.

"அத்தே, வைக்காத" என்றாள்.

"நதியா!" என்றேன் நான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்துப் பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"சார், இவங்க மருமவளுக்குத் தொணைக்கி வந்தவங்க. வார்ட இவங்க கையில குடுத்தது நானு. எவ்ளோ நனஞ்சா ஆபத்துன்னு இவங்களுக்கு எப்பிடித் தெரியும்? அது என் படிப்பு. என் வேலைய இவங்க மடியில போட்டுட்டு நான் துன்னப் போய்ட்டேன். இப்ப தப்பையும் இவங்க மடியிலயே போடச் சொல்றீங்களா? என்னால முடியாது சார்."

தலைவர் அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தெரிஞ்சுதான் பேசறியாம்மா? பயிற்சி இல்லாத ஆள்கிட்ட வார்டை விட்டுட்டுப் போனேன்னு நீயே ஒப்புக்கறே."

"தெரிஞ்சிதான் சார்."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "வேற யார்கிட்ட குடுப்பா சார்?" என்று மேசையைத் தட்டினேன். "எங்க ஆஸ்பத்திரியில ரிலீவர் இல்லன்னு யாரு சொன்னது? இதோ குந்திக்கீறாங்களே, இவங்கதான் ரிலீவர்! நாளைக்கி இன்னொரு மாமியா, நாளான்னைக்கி ஒரு நாத்தனா. வருஷம் பூரா கேட்டோம், சொந்தக்காரங்க பாத்துக்க மாட்டாங்களான்னு இதே ஆளுதான் சார் எங்கிட்ட கேட்டாரு! பாத்துக்கினாங்க. பாத்துக்கினதுக்கு வந்த கூலி வெளிய தசரதன் தோள்ல அழுவுது, கேளுங்க!"

சத்தம் கேட்டு வராந்தாவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன பேசி என்ன? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்று மாலையே நதியாவுக்கு வேலை நீக்க உத்தரவு வந்தது. அவளே ஒப்புக்கொண்டதால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லையாம். ரிலீவர் விஷயம் பரிசீலிக்கப்படுமாம்.

சங்கத்தைக் கூட்டினேன். வேலை நிறுத்தம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். வார்டில் கிடக்கிறவர்கள் எங்கே போவார்கள்? அதனால் வேறு ஒன்று முடிவு செய்தோம். இனி எந்த நர்ஸும் வார்டை எந்தச் சொந்தக்காரரிடமும் ஒப்படைக்க மாட்டாள். மதியமானால் ஒவ்வொரு வார்டிலிருந்தும் விஜயராஜுக்கு ஃபோன் போகும். "சார், சாப்பிடப் போறேன், ஆள் அனுப்புங்க." ஆள் வராவிட்டால் பசியோடு அங்கேயே நிற்பாள், மறுபடி ஃபோன் செய்வாள். அவ்வளவுதான். சட்டப்படி இதில் ஒரு குறை சொல்ல முடியாது.

முதல் சில நாள் அவர் ஃபோனை எடுக்கவில்லை. எங்கள் பெண்கள் விடவில்லை. ஒருத்தி மயங்கி விழுந்தாள். டாக்டரம்மா தானே வந்து வார்டில் உட்கார்ந்து அவளைச் சாப்பிட அனுப்பினார். மறுநாளும் வந்தார், அடுத்த நாள் வெளிநோயாளிகளை நிறுத்தி வைத்துவிட்டு வந்தார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஒருநாள் வேறு வழியில்லாமல் விஜயராஜே பிரசவ வார்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கட்டிலில் இருந்த பெண்ணுக்கு வலி கூடி, ஒரு கத்து கத்தினாள் பாருங்கள்! மனிதர் எழுந்து செருப்பைக்கூட விட்டுவிட்டு "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று வராந்தாவில் ஓடி வந்தார். அந்த வார்டு நர்ஸோடு டூட்டி ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, அன்று ஷிப்டு இல்லாத எங்களுக்கெல்லாம் சிரிப்பு வந்தது. அந்த அறையில் நாங்கள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. ஆனால் எழுந்து ஓடினோம், எச்சில் கையோடு.

அதற்குப் பிறகுதான் ஒப்பந்தம் பேசக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் சாப்பாட்டு நேரத்துக்கென்று தனி நர்ஸ் போடுகிறோம் என்றார்கள். கேட்டதெல்லாம் தருகிறோம் என்றார்கள். நதியாவை மட்டும் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். அவளை எடுத்தால் ஆஸ்பத்திரி தன் தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம்.

"அப்ப எங்களுக்கு ஒண்ணும் வேணாம்" என்று எழுந்து வந்துவிட்டேன். சங்கத்தில் பாதிப் பேர் என் பக்கம். மீதிப் பேர், கைக்கு வந்ததை ஏன் விட வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. பட்டினி கிடந்தவர்கள் அவர்கள்தான்.

இந்தச் செய்தி நதியாவுக்கு எப்படிப் போயிற்றோ, பஸ் பிடித்து வந்துவிட்டாள். வெயிலில் கறுத்திருந்தாள். அப்பாவோடு சாமைக் கொல்லையில் வேலை செய்கிறாளாம். ஆஸ்பத்திரி கேட்டுக்குள் அவளை விடவில்லை. ரோட்டோரத்தில் நின்று பேசினோம்.

"கையெழுத்துப் போடுக்கா" என்றாள்.

"உன்ன வுட்டுட்டா? மூஞ்சிலயே முழிக்க மாட்டேன், போடி."

"எனக்கோசரம் நிறுத்தி வச்சிங்கன்னா, நாளைக்கி இன்னொருத்தி அந்த ரூம்புல ஒண்டியா குந்தி துன்னுக்கினு இருப்பா. வாசல்ல இன்னொரு அத்தே நின்னுக்கினு இருக்கும். எனக்கு ராத்திரி தூக்கத்துல அதுதான் வருதுக்கா. அத ஒண்டி நிறுத்துங்க."

நான் அவளைத் திட்டினேன். அவள் அசையவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு வந்து குவார்ட்டர்ஸில் யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டேன். நதியாவுக்காகத் தனியாக வழக்குப் போட்டிருக்கிறோம். அது நடக்கிறது. நீதிமன்றத்தில் நடப்பதெல்லாம் எப்படி நடக்குமோ அப்படி நடக்கிறது.

இப்போது மதியமானால் எங்கள் வார்டுக்கு வெண்ணிலா வருகிறாள். கணியம்பாடிப் பெண், ரிலீவராகச் சேர்ந்தவள். "போய்ட்டு வாங்கக்கா, நான் கீறேன்" என்பாள். நான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். சுடச்சுடச் சாப்பிடுகிறேன். சோறு உள்ளே இறங்கத்தான் செய்கிறது, அதனால்தான் எனக்கு என் மேலேயே கோபம் ஆறவில்லை.

போன வாரம் தடுப்பூசி நாள். வெண்ணிலாவிடம் வார்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் முத்தம்மா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. நன்றாகத் தேறியிருந்தான். ஊசி போட்ட கையைத் தூக்கி வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தான்.

"நல்லாகீறியா யம்மா?" என்றேன்.

"கீறேங்க." அவள் என்னைத் தாண்டி வார்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு எங்கீங்க? கண்ணுல படலியே. புள்ளயக் காட்டலாம்னு வந்தேன்."

இவளுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நதியா விரலைத் துடைத்துவிட்டாள், இவர்கள் ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு என்ன ஆயிற்று என்று யார் போய் அவளிடம் சொல்லப் போகிறார்கள்?

"வேலைய வுட்டு எடுத்துட்டாங்கம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"அன்னிக்கி வார்ட வுட்டுட்டுச் சாப்பிடப் போனதுக்கு."

முத்தம்மா பிள்ளையை ஓர் இடுப்பிலிருந்து இன்னோர் இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு என் கிட்டே வந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"நர்சம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. அந்தப் பொண்ணத் திரும்ப வேலைக்கி வச்சிக்கச் சொல்லுங்க. மதியானத்துல அது துன்ற நேரத்துக்கு நான் வந்து குந்திக்கிறேன். தெனம் வர்றேன். எனக்கு ஒண்ணும் தர வேணாம். புள்ளயயும் இட்டுனு வந்து மடியில வச்சிக்கிறேன், அழாம பாத்துக்கறேன்."

"யம்மா, அதுக்குன்னு இப்ப ஆளு போட்டுட்டாங்கம்மா…"

அவள் காதில் அது ஏறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாட்டி கூப்ட்டுட்றேங்க" என்றாள். "கை சோத்துல இருந்தாலும் கூப்ட்டுட்றேன்."

நான் அவள் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். வார்டுக்குள்ளிருந்து வெண்ணிலா, "அக்கா, இன்னும் போவலியா? சோறு ஆறுது" என்று குரல் கொடுத்தாள்.